ஓலைத் தோட்டிலிருந்து பவுன் வரை



ரமளான் விடுமுறைக்கு முந்திய வாரம் நம் மத்ரஸாவின் பெண்கள் வகுப்பில் மாணவியர் சிலர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து நம் மேசைமீது வைத்தனர். திறந்து பார்த்தால் உள்ளே மாலைகள், வளையல்கள், காதணிகள். அத்தனையும் காகிதம். பழைய நாட்காட்டித் தாள்களையும் கலியாணப் பத்திரிகைகளையும் நீண்ட முக்கோணத் துண்டுகளாக வெட்டி, தென்னை ஈர்க்கிலில் பசை தடவிச் சுற்றி, உருவியெடுத்துக் காயவைத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தனர். பத்திரிகையின் பச்சையும் பொன்னிறமும் மணிகளில் வரி வரியாகத் தெரிந்தன. சிலவற்றில் மாணவியரே வரைந்த பூங்கொடிச் சித்திரங்களும் துண்டாகிச் சுருண்டிருந்தன. இவற்றை விற்று, ஓர் ஏழைத் தோழியின் பள்ளிச் செலவுக்குக் கொடுப்பது அவர்களின் எண்ணம்.

அவர்களுள் ஒருத்தி கேட்டாள்: "உஸ்தாத், பத்திரிகைகளின் தலைப்பில் பிஸ்மி இருக்கும். அது எந்த மணிக்குள் சுருண்டிருக்கிறதென்று தெரியவில்லை. இதை அணிந்துகொண்டு கழிப்பறைக்குப் போகலாமா?"

கேள்வி நியாயமானது. விடை சொல்ல வாய் திறக்கும் முன்னரே, மகளை அழைத்துச் செல்ல வாசலில் நின்றிருந்த ஒரு தாய் சிரித்தபடி இன்னொரு கேள்வியை வீசினார்: "காகிதத்தைக் கழுத்தில் போட்டால் ஊர் என்ன சொல்லும்?" இரண்டுக்கும் சேர்த்து அடுத்த வாரம் பேசுவோம் என்று நாம் சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் நினைத்ததும் இக்கட்டுரை.

முதலில் நம் மொழியிடமே கேட்போம். தோடு என்ற சொல்லுக்குப் பூவிதழ், பனையோலை, காதணி என்று பொருள் உண்டு. குழை என்றால் தளிர், காதணியும் குழையே. ஓலை என்பதும் மகளிர் காதில் அணிவதற்குப் பெயராயிற்று. பனை மரம் மலிந்த இந்தத் தென்கோடியில் ஓலையை இறுகச் சுருட்டிக் காதுத் துளையில் செருகுவது வழக்கமாயிருந்தது. ஈரமான ஓலைச் சுருள் தானாக விரிய முயலும், துளை பெரிதாகும். பின்னர் அதே இடத்திற்குப் பொன் வந்தது, ஆனால் பெயர் பனையை விட்டு வரவில்லை. இன்று வைரத் தோடு வாங்குபவரும் வாயால் சொல்வது ஓலையைத்தான்.

நம் பாட்டிமார் காலத்துப் பாம்படத்தை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். மேலே இருப்பது பொற்றகடு. உள்ளே இருப்பது அரக்கு. அதை நிறுத்த எடைக்கல்லும் காட்டிலிருந்து வந்ததே. 2 குன்றிமணி 1 மஞ்சாடி என்பது பொற்கொல்லர் கணக்கு. இரண்டும் விதைகள். சிவந்து பளபளக்கும் அவ்விதைகளைச் சிறுமியர் கோத்து மாலையாக அணிவதும் உண்டு. (குன்றிமணி நஞ்சு, குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.) ஏழை வீட்டுக் குழந்தையின் கழுத்தில் கிடந்த விதையே செல்வர் வீட்டுப் பொன்னுக்கு அளவுகோலாகவும் இருந்திருக்கிறது.

கடலையும் சொல்ல வேண்டும். நாம் அணியும் ஆபரணங்களைக் கடலிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்பதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் திருக்குர்ஆனில் இரண்டு இடங்களில் (16:14, 35:12) நினைவூட்டுகிறான். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் நம் குமரியைக் குறிப்பிட்டுவிட்டு, அதற்கு அப்பால் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததைச் சொல்கிறது. மன்னார் வளைகுடாவின் சங்குகள் வங்காளம் வரை சென்று வளையல்களாயின. இன்றும் கன்னியாகுமரிக் கடற்கரையில் சிப்பி மாலை வாங்காமல் திரும்பும் சுற்றுலாப் பயணி குறைவு. ஆயினும் சில வகைச் சங்கு, சிப்பி இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன என்பதை வாங்குவோரும் விற்போரும் அறிந்திருத்தல் நலம்.

இனி மதீனாவுக்குச் செல்வோம். அருமை நபி (ஸல்) அவர்களின் காலத்துப் பெண்கள் எல்லாரும் தங்கத்தில் மின்னினார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஹதீஸ் நூல்கள் காட்டும் காட்சி வேறு. ஒரு பெருநாள் அன்று தொழுகை முடிந்து நபி (ஸல்) அவர்கள் பெண்கள் பகுதிக்கு வந்து தர்மம் செய்யுமாறு ஏவியபோது, அவர்கள் காது வளையங்களையும் 'ஸிகாப்' எனும் மாலைகளையும் கழற்றிப் போட்டனர் என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸிகாப் என்பது என்ன? கிராம்பு, நறுமணக் கலவை ஆகியவற்றை உருண்டைகளாக்கிக் கோத்த மாலை. முத்தோ இரத்தினமோ அதில் இல்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அதாவது, அஞ்சறைப்பெட்டிச் சரக்கு! இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் ஆடை அத்தியாயத்தில் இந்த ஸிகாபுக்கென்றே பாடத் தலைப்புகள் அமைத்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களைக் காண வந்து வாசலில் அழைத்தபோது குழந்தை வரச் சற்றுத் தாமதமாயிற்று. தாயார் குழந்தைக்கு ஸிகாப் அணிவித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும் என்று தாம் எண்ணியதாக அபூஹுரைரா (ரலி) கூறுகிறார்கள். கிராம்பு அந்நாளில் விளைந்தது கிழக்கே மலுக்குத் தீவுகளில். அது அரபகம் சேர்ந்த கடல்வழி நம் கரைகளை ஒட்டியே சென்றது. மதீனாவின் ஒரு குழந்தையின் கழுத்து மாலைக்கும் நம் குமரிக் கடலுக்கும் இப்படியொரு தொடர்பு இருந்திருக்கலாம் என்று நினைக்கையில் நெஞ்சு குளிர்கிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொலைத்துத் தேடிய கழுத்து மாலை யமன் நாட்டு ழஃபாரின் கோடிட்ட கல்மணிகளால் ஆனது. ஒரு மாலை தொலைந்த வேறொரு பயணத்தில் படை முழுவதும் தண்ணீரில்லாத இடத்தில் காத்து நிற்க, தயம்மும் பற்றிய வசனம் அருளப்பட்டது. இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள், புகாரீயில் உள்ளது.

அரபுக் குலமொன்றில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்; ஆயினும் அவர்களுடனேயே வாழ்ந்தார். அவ்வீட்டுச் சிறுமி ஒருத்தி சிவப்புத் தோல் வாரால் செய்த அணியொன்றைப் பூண்டு வெளியே சென்றாள். அது கீழே கிடந்தபோது, வானில் வந்த பருந்து இறைச்சியென்று கருதிக் கவ்விப் பறந்தது. தேடினார்கள், கிடைக்கவில்லை. பழி யார்மீது விழும்? அந்தப் பெண்மீது. அவரைச் சோதனையிட்டார்கள், மானம் மறைக்கும் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே பருந்து திரும்பி வந்து அதை அவர்கள் நடுவே போட்டது. "எதைச் சொல்லி என்மீது பழி போட்டீர்களோ, இதோ அது" என்ற பொருள்படக் கூறிவிட்டு அவர் அங்கிருந்து புறப்பட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றார். பள்ளிவாசலுக்குள் அவருக்கென ஒரு சிறு கூடாரம் இருந்தது. அன்னையாரிடம் வந்து பேசும்போதெல்லாம் அந்த நாளை நினைவுகூரும் ஒரு கவிதையடியைச் சொல்லாமல் அவர் பேச்சைத் தொடங்கியதில்லை.

தோல் வார். சந்தையில் அதற்கு என்ன விலை கிடைத்திருக்கும்? விலை குறைந்த பொருளுக்காகவும் ஒரு பெண்ணின் மானத்தை விலையாகக் கேட்கும் மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

இவ்விடத்தில் நம் திருவிதாங்கூர் வரலாறு நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் அந்த அரசின் வழியே வந்த நிலம்தான். யார் எந்த நகையை அணியலாம் என்பதை அங்கே சாதி முடிவு செய்தது. பொன்னும் வெள்ளியும் பூணத் தகுதி சிலருக்கே. ராணி கௌரி பார்வதி பாயின் காலத்தில் (1815–1829) நகை அணிவதற்கான கட்டணங்களும் தடைகளும் தளர்த்தப்பட்டன என்றாலும், அடித்தட்டில் இருந்த மக்களுக்கு அந்தத் தளர்வு போய்ச் சேரவில்லை. புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மணி மாலைகளை அணிய வேண்டும். அதற்குக் 'கல்லுமாலை' என்று பெயர். அது அழகுக்காக அணிந்த மாலை அன்று. தூரத்திலிருந்தே இன்னார் என்று தெரிந்து விலகிக்கொள்வதற்கான அடையாளம்.

1915-இல் அய்யன்காளி அந்த மாலைகளைக் கழற்றி எறியச் சொன்னார். கொல்லம் பகுதியின் பெரிநாட்டில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, மக்கள் சிதறி ஓடினர். அதே ஆண்டின் இறுதியில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் பெருங்கூட்டம் கூடிற்று. சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை தாங்கினார். அக்கூட்டத்தில் பெண்கள் எழுந்து வந்து, தம் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்து மேடையருகே குவித்தார்கள். குவியல் ஆளுயரம் எழுந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நம் தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நடந்த நீண்ட போராட்டத்தையும், அதன் விளைவாக வந்த 1859 அரசாணையையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே, மலிவான பொருளில் செய்த நகை என்றாலே எளிமை, எளிமை என்றாலே நன்மை என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. யமனின் கல்மணியும் கொல்லத்தின் கல்மணியும் கல்தான். ஒன்றை விரும்பி அணிந்தார்கள். மற்றொன்றைக் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.

காசு நகையான கதையும் சுவையானது. மிளகுக்கு விலையாக வந்த ரோமானியக் காசுகளில் துளையிட்டும் வளையம் பற்றவைத்தும் தென்னாட்டு மக்கள் கழுத்தில் அணிந்தார்கள். அப்படித் துளைபட்ட காசுகள் பல கிடைத்துள்ளன. பொற்காசு வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சக்கரவர்த்தியின் தலையைக் களிமண்ணில் அச்செடுத்து அணிந்தார்கள். மகாராஷ்டிரத்தின் தேர், தெலங்கானாவின் கொண்டாப்பூர் போன்ற இடங்களில் அகழாய்வாளர்கள் அவற்றைக் கண்டெடுத்துள்ளனர். பின்னர் வெனிஸ் நகரத்துப் பொற்காசு வந்தது. மலையாள நாட்டில் அதற்கு ஆமாடை என்று பெயர். நகைப்பெட்டிக்கு அங்கே 'ஆமாடப்பெட்டி' என்ற பெயர் நிலைத்தது. அதன் பிறகு ஆங்கிலேயரின் சவரன். 1817 முதல் அச்சிடப்பட்ட அக்காசின் எடை ஏறத்தாழ 7.99 கிராம்; மாற்று 22 காரட். பவுண்டு என்ற சொல் நம் வாயில் பவுன் ஆயிற்று. காசு போய்விட்டது, அதன் எடை மட்டும் 8 கிராமாக நம் வீட்டுப் பேச்சில் தங்கிவிட்டது. மன்னர் தலை பொறித்த காசை மார்பில் அணிவது பற்றிச் சிலர் கேட்பதுண்டு. ரோமப் பேரரசரின் உருவம் பொறித்த தீனார்களே நபித்தோழர்கள் காலத்திலும் கைமாறின. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல்தான் உருவமற்ற தீனாரை அச்சிட்டார். அணிவதன் சட்டம் தனி. அதை வேறொரு நாள் பார்ப்போம்.

கைவினை என்றால் நம் மாவட்டத்தில் வடசேரியைச் சொல்லாமல் முடியாது. நாகர்கோவிலின் வடசேரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெள்ளித் தகட்டில் உருவம் அமைத்து, அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களைப் பதித்து, மெல்லிய தங்கத் தகட்டால் கல்லைச் சுற்றி அழுத்துவார்கள். ஆலயச் சிலைகளுக்கெனத் தொடங்கிய கலை இன்று பரதநாட்டிய மேடைகளுக்கும் மணவீடுகளுக்கும் செல்கிறது. வழிபாட்டில் நாமும் அவர்களும் வேறு. ஆனால் ஒரு நாள் முழுவதும் குனிந்திருந்து ஒரு பூவிதழுக்குக் கல் பதிக்கும் கைக்கு நாம் மரியாதை செலுத்துகிறோம்.

பொற்கொல்லர் பட்டறையில் எதுவும் வீணாவதில்லை. அராவிய தூள், தரையைப் பெருக்கிய குப்பை, அனைத்தும் சேமிக்கப்படும். கழுவிப் பொன் எடுப்பவர்கள் விலை கொடுத்து வாங்குவார்கள். வியப்பு என்னவென்றால், நாம் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஃபிக்ஹு நூல்களில் இந்தக் குப்பைக்கும் இடமுண்டு. 'துராபுஸ் ஸாகா', பொற்கொல்லர் மண், என்றே அதற்குப் பெயர். அதனுள் எவ்வளவு பொன் இருக்கிறதென அறிய முடியாததால் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த விற்பனை செல்லாது. இதே நுட்பம் ஒரு ஹதீஸிலும் உண்டு. கைபர் போரின்போது ஃபளாலா இப்னு உபைத் (ரலி) பொன்னும் மணிகளும் கலந்த கழுத்து மாலையொன்றை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் பொன் மட்டுமே 12 தீனாருக்கு மேல் இருந்தது. பிரித்து அறியாமல் அதை விற்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகையைக் கூடுதல் குறைவாக மாற்றிக்கொள்ளும் நம் வழக்கத்திலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. பழையதை ரொக்கத்திற்கு விற்று, பணத்தைக் கையில் வாங்கி, பிறகு புதியதை வாங்குவதே பேணுதல்.

ஜகாத் பற்றியும் ஒரு சொல். ஹனஃபீ மத்ஹபில் அணியும் பொன் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமான முறையில் அணியும் நகைக்கு இல்லை. 85 கிராம் என்று கொண்டால் நிஸாப் ஏறத்தாழ 11 பவுன். சிப்பி, கண்ணாடி, காகித மணிகளுக்கு, விற்பனைச் சரக்காக வைத்திருந்தாலன்றி, ஜகாத் இல்லை.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறோம். ஊர் என்ன சொல்லும்? நம் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சில் அவள் பெயருக்கு அடுத்துக் கேட்கப்படுவது எண். 51, 75, 101. படித்த மாப்பிள்ளை, வெளிநாட்டு வேலை என்று ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும். கைக்கூலி என்று சொன்னால் கோபிப்பார்கள். பெண்ணுக்கு நீங்கள் போடுவதைத்தானே கேட்கிறோம் என்பார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நம் மிம்பர்களிலும் ஆண்டுதோறும் பேசுகிறோம். பேசி இறங்கிய பின் விருந்துக்கும் போகிறோம். இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மணமுடிக்க வந்த ஏழை மனிதரிடம் இரும்பு மோதிரமாவது தேடி வாருங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். அதுவும் கிடைக்காதபோது அவர் மனனம் செய்திருந்த குர்ஆனுக்காக நிக்காஹ் நடந்தது. இரும்பு மோதிரத்தைத் தேட வேண்டியவர் மணமகன் என்பதைக் கவனியுங்கள். நம் பெண்கள் மணத்தின் அடையாளமாகப் போற்றும் கருகமணியும் கறுப்புக் கண்ணாடி மணிதான். மார்க்கத்தில் அது கடமையன்று. ஆயினும் எந்த மாமியாரும் அதை மட்டம் என்று சொன்னதில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் பிஸ்மி பற்றிய கேள்விக்கு விடை சொன்னோம். அல்லாஹ்வின் பெயர் எழுதிய காகிதத்தை மணியாகச் சுற்றுவது அதன் கண்ணியத்துக்குப் பொருந்தாது. ஆகவே பிஸ்மியும் இறைவசனமும் உள்ள பகுதியை முதலில் வெட்டித் தனியே எடுத்துவிட வேண்டும்; அதைத் தூய இடத்தில் புதைக்கலாம், அல்லது எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். தெருவில் மிதிபட்ட இறைப்பெயர்த் தாளை எடுத்து நறுமணம் பூசி வைத்த பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களின் சரிதையையும் சொன்னோம். மீதித் தாளைப் பூவாகவோ மணியாகவோ செய்துகொள்ளலாம். வல்லாஹு அஃலம். உகாண்டாவின் வடபகுதிப் போரில் ஊரிழந்து கம்பாலாவின் அச்சோலிக் குடியிருப்பில் தங்கிய பெண்கள், இதே போல் பழைய தாள்களைச் சுற்றி மணிகளாக்கி விற்றுக் குடும்பம் நடத்துவதைச் சொன்னபோது, மாணவியர் தாங்கள் செய்ததைத் தாங்களே ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டனர். ஏற்கெனவே செய்த மாலைகளில் ஐயமுள்ளவற்றைப் பிரித்துச் சரிபார்த்தனர். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் அந்தத் தாய் மீண்டும் வந்தார். சிரிப்பில்லை. கையில் ஒரு துணிப்பை. உள்ளே கட்டுக் கட்டாகக் கலியாணப் பத்திரிகைகள், நூல் அவிழாதவை. மூத்த மகளுக்கு அச்சடித்தவையாம். 10 பவுன் குறைந்ததால் நிக்காஹுக்கு இரு வாரம் முன்பு நின்றுபோன கலியாணம். மூன்று ஆண்டுகளாக அலமாரியின் மேல்தட்டில் இருந்தனவாம். எறியவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. "பிள்ளைகளிடம் கொடுங்கள், உஸ்தாத்" என்றார். நாம் வாங்கி மேசைமீது வைத்தோம். அவர் போகவில்லை. மாணவியரின் பாயில் அமர்ந்து, கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு பத்திரிகையாக பிஸ்மியை வெட்டித் தம் மடியில் சேர்க்கத் தொடங்கினார்.